சபைக்குள்ளும் தெருவிலும் நன்மை செய்வது எப்படி? வடசென்னை சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை, வியாசர்பாடியிலிருந்து பெரம்பூர் வரை, சபைகளில் உதவிக் காரியங்களைக் கவனிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என எந்தச் சபைக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஓர் இடத்தில் பெண்கள் ஐக்கியம் என்பார்கள், இன்னோர் இடத்தில் அன்பியம், மற்றோர் இடத்தில் வீட்டுக்கூட்டம், வேலை ஒன்றுதான். எல்லாப் பதிலுக்கும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறோம்: உதவி வாங்கியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தான் எப்போதும் உட்காரும் அதே பெஞ்சில், தலை குனியாமல் வந்து உட்கார முடிய வேண்டும்.

‘விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்’ என்று வேதம் சொல்கிறதே. அப்படியானால் வெளியாருக்குச் செய்ய வேண்டியதில்லையா?

கலாத்தியர் 6:10 ‘யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம்’ என்கிறது. அதில் ‘யாவருக்கும்’ என்ற சொல் முன்னால் வருகிறது. ‘விசேஷமாக’ பிறகுதான் வருகிறது. பெற்ற தாய்க்குச் சோறு போடாமல் தெருவில் பந்தி வைக்கிறவனை ஊர் மெச்சாது. வாசலில் பசித்து நிற்பவரைத் துரத்துகிற வீட்டையும் மெச்சாது. ‘விசேஷமாக’ என்பதை நமக்குக் கூடுதல் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். 1 தெசலோனிக்கேயர் 5:15 இதையே ‘உங்களுக்குள்ளும் மற்ற யாவருக்குள்ளும்’ என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறது.

நடைமுறையில், உதவி நிதியில் வெளியாருக்கு எவ்வளவு என்பதை ஜனவரியிலேயே கமிட்டியில் முடிவு செய்துவிடுங்கள். பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் வந்து நிற்கும்போது ‘இவர் நம்ம சபையா?’ என்று விவாதம் தொடங்கினால், அவர் காதில் விழும்படிதான் அது நடக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் நின்ற மாதிரி இடுப்பளவு தண்ணீர் நிற்கிற நாட்களில் இந்தப் பங்குக் கணக்கை மூடி வைத்துவிட வேண்டும்.

தேவை உள்ளவர்கள் வாய் திறப்பதே இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

‘ஏதாவது உதவி வேணுமா?’ என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: ‘ஒண்ணும் வேணாம்கா, கர்த்தர் நடத்துறாரு.’ அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். ‘இந்த மாசம் எது இடிக்குது? வாடகையா, ஃபீஸா?’ என்று கேளுங்கள். எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று இடிக்கும் என்பதை ஒத்துக்கொண்டு கேட்பதால், பதில் சொல்வது எளிதாகிறது.

கேட்பதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும். வழக்கமாக ஆராதனைக்கு வருகிற ஒரு பெண், ஐக்கியக் கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை என்றால், அங்கே வசூலிக்கும் சந்தாவுக்குக் கையில் பணம் இல்லாமல் இருக்கலாம். ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகள் வராமல் போவது, காதில் இருந்த தோடு காணாமல் போவது, ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்புவது, போன் ரீசார்ஜ் செய்யாமல் கிடப்பது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

காலண்டரையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகில் போகிறவர்களுக்கு மட்டும் வேலை நிற்பதில்லை. ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், தலைச்சுமையாக மீன் விற்கும் அம்மா என எல்லாருக்கும் வருமானம் சுருங்குகிறது. தடை முடிவதும் பள்ளி திறப்பதும் ஒரே மாதம் என்பதால், ஜூன் முதல் வாரத்தில்தான் பல வீடுகள் புதுக் கடன் வாங்குகின்றன. மே மாதத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

போகும்போது இரண்டு பேராகப் போங்கள். 1833-இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றும் இப்படித்தான் வீடு சந்திக்கிறார்கள். தனியாகப் போனால் தவறான பேச்சு வரும். நான்கு பேராகப் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் அடுப்படி நிலவரம் பேச முடியும்.

பிடி அரிசி சேர்க்கும் பழக்கத்தை எங்கள் சபையில் தொடங்க நினைக்கிறோம். எப்படிச் செய்வது?

சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவதுதான் பிடி அரிசி. ஒரு பெண்ணின் பிடி ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். தினம் ஒரு பிடி என்றால் மாதம் 1.2 கிலோ. 40 வீடுகள் சேர்ந்தால் 48 கிலோ. குடும்பத்துக்கு 12 கிலோ என்று நான்கு குடும்பங்களைத் தாங்கலாம். பணமாகக் கொடுக்க முடியாத வீட்டாரும் இதில் சமமாகச் சேர முடியும் என்பதுதான் இதன் அருமை.

கெட்டுப்போவதற்கு முதல் காரணம் ஈரக் கை. அரிசியைக் களையத் தொடங்கிய பிறகு ஞாபகம் வந்து, ஈரக் கையாலேயே ஒரு பிடியை அள்ளி டப்பாவில் போட்டுவிடுவார்கள். அடியில் கட்டி பிடித்து, மாதக் கடைசியில் மக்கிய வாடை வரும். படியில் அரிசியை அளந்தவுடன், தண்ணீர் ஊற்றும் முன், உலர்ந்த கையால் எடுக்க வேண்டும். டப்பாவில் இரண்டு காய்ந்த மிளகாயோ நன்றாக உலர்ந்த வேப்பிலையோ போட்டால் வண்டு அண்டாது. ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் சபையில் மூட்டையாக அடுக்கி வைக்காதீர்கள். முதல் ஞாயிறு சேர்த்தால் அன்றே கொடுத்து முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கலப்பு. ரேஷன் புழுங்கல், பொன்னி புழுங்கல், பச்சரிசி மூன்றையும் ஒரே டிரம்மில் கொட்டினால், ஒன்று வேகும் முன் இன்னொன்று குழைந்துவிடும். அந்த அரிசியை வாங்கிப் பொங்கிப் பார்த்த பெண், ‘தள்ளிவிட்டதை நமக்குக் கொடுத்தாங்க’ என்று நினைப்பதில் தப்பில்லை. மூன்று டிரம் வைத்து மேலே பெயர் எழுதுங்கள். தவறிக் கலந்ததைக் கஞ்சிக்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். கார்டு உள்ள வீட்டில் குறைவது பெரும்பாலும் அரிசியாக இருக்காது. பருப்பு, எண்ணெய், பால், கேஸ் சிலிண்டர் ஆகியவைதான் குறையும். அதனால் சேர்ந்த அரிசியில் ஒரு பகுதியை, அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் எடுப்பது மாதிரி, சபையாரே கடை விலைக்கு வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தில் ஒரு வீட்டுக்குச் சிலிண்டர் எடுத்துக் கொடுப்பது பல நேரம் கூடுதல் பயன் தரும்.

எடுத்துப் போகும்போது சபைப் பெயர் அச்சடித்த பை வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கட்டைப் பை போதும். தெரு அடங்கியிருக்கும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குப் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா?

பள்ளிக் கட்டணம், மருந்து, கரண்ட் பில் போன்றவற்றை நேரடியாகக் கட்டிவிட்டு ரசீதைக் குடும்பத்திடம் கொடுங்கள். மற்றதற்குப் பணமாகக் கொடுப்பதே மரியாதை. தன் வீட்டுக்கு எந்தப் பருப்பு, எந்தச் சோப்பு என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை உதவி என்ற பெயரில் யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாது. பணத்தைக் கவரில் போட்டு, பெண் கையில் கொடுப்பது நல்லது. வீட்டில் குடி இருந்தால் இது கட்டாயம். அதோடு, வார இறுதிக் கூலி வருகிற சனிக்கிழமை மாலையைத் தவிர்த்து, செவ்வாய் அல்லது புதன் காலையில் கொடுங்கள்.

தண்டலில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்குச் சபை எப்படி உதவலாம்?

வடசென்னையில் அதிகம் அடிபடுவது தண்டல் என்ற இந்தத் தினவசூல் கடனில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வழக்கமான தண்டல் கணக்கு இப்படி இருக்கும்: 10,000 என்று பேர், கையில் வருவது 8,500, நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 1,500 ரூபாய்தான் வட்டி. ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாகக் கையில் இருந்தது பாதித் தொகைதான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வையுங்கள். யாரிடம், கையில் வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, அடகாகக் கொடுத்தது என்ன என்று நான்கு கட்டம் போடுங்கள். தண்டல் அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டியலில் ஒன்று நிச்சயம் விடுபட்டிருக்கும். சொல்லக் கூச்சப்படும் கடன் அதுதான், பெரும்பாலும் மிக மோசமானதும் அதுதான். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை உட்கார்ந்தால் வெளியே வரும்.

எதை முதலில் அடைப்பது? பெரிய தொகையைத் தேடிப் போகாதீர்கள். ஏ.டி.எம். கார்டு, ரேஷன் கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம், வெற்றுக் காசோலை ஆகியவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கடனை முதலில் முடியுங்கள். பணத்தைக் கடனாளி கையில் கொடுக்காமல், இரண்டு சாட்சிகளோடு போய் நேரடியாகக் கொடுத்து, பிடித்து வைத்திருந்ததை அங்கேயே திரும்ப வாங்கி, பத்திரத்தைக் கிழித்துவிட்டு வர வேண்டும்.

மிரட்டல் இருந்தால் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகப் பயப்படுவார்கள்; போதகரோ மூப்பரோ கூடப் போக வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மூன்றே மாதத்தில் புதுத் தண்டல் வாங்குவதைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. கடனை அடைத்தீர்கள், கடன் வாங்க வைத்த காரணம் அப்படியே இருக்கிறது. அது ஃபீஸா, வாடகை முன்பணமா, ஒருவருடைய நோயா என்று பார்த்து, அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஒன்றை மட்டும் சபை தாங்கினால்தான் முதலில் செய்த உதவி நிற்கும். நகை இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக்கடனுக்கும், பெண்கள் இருந்தால் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் வழிகாட்டுங்கள்.

சபைக்குள்ளேயே சீட்டு நடத்தலாமா?

வேண்டாம். 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது குற்றம். அதைவிட, ஒரே ஒருவர் இரண்டு தவணை தவறினால் இருபது குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொள்ளும். திருவிருந்துக்குக்கூடச் சேர்ந்து போக மாட்டார்கள். கைமாற்றாகக் கொடுக்க விரும்பினால், திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத அளவு மட்டும் கொடுங்கள்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள். ஜெபித்துவிட்டு வருவதைத் தவிர என்ன செய்யலாம்?

ஸ்டான்லிக்குப் பழைய பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அந்தப் பகுதியில்தான், 1888-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷன் மருத்துவர் மாடில்டா மக்ஃபெயில் தொடங்கிய பணி ரெய்னி மருத்துவமனையாக இன்றும் நிற்கிறது. யார், எந்த மதம் என்று கேட்காமல் செய்த வேலைகள் அவை.

நோயாளியைவிடக் கூட இருப்பவருக்குத்தான் உதவி குறைவாகக் கிடைக்கிறது. இரவில் தங்குவதற்கு முறை வைத்து ஆள் அனுப்புங்கள். பெண்கள் வார்டுக்குப் பெண்தான் வேண்டும் என்பதால் பெண்கள் ஐக்கியம் முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் வாளி, மக், பாய், பிளாஸ்க், தட்டு, டம்ளர், பழைய மெல்லிய வேட்டி இரண்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுச் சபையில் தயாராக வைத்திருந்தால், ராத்திரி பதினொரு மணிக்குச் சேர்க்கப்படுகிறவருக்கு அது பெரிய ஆறுதல். வீட்டில் விட்டு வந்த பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதையும் அன்றே பேசி முடியுங்கள்.

ஜெபிக்கப் போகிறவர்கள் இரண்டு பேர் போதும். ஐந்து நிமிடம், தணிந்த குரல். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் ‘உங்களுக்காகவும் ஜெபிக்கலாமா?’ என்று கேட்டு, வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். ‘என்ன பாவமோ’ என்ற பேச்சை எவரும் அந்த வார்டுக்குள் எடுத்துப் போகக் கூடாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கார்டு இல்லாத குடும்பங்களைச் சபையிலேயே கணக்கெடுத்து, வருமானச் சான்று வாங்கி, நோய் வருமுன் பதிவு செய்து வையுங்கள். ரத்தத்துக்கும் அப்படியே: 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருப்பவர்களின் பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி ஆகியவற்றை வாலிபர் கூட்டம் எழுதி வைக்கட்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோவுக்குப் பணம் கொடுப்பதோடு, திரும்ப வரச் சொன்ன தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கூலி போகுமே என்று அந்தத் தேதியை விட்டுவிட்டு, நோய் முற்றித் திரும்பச் சேர்கிறவர்கள் நிறைய. இயேசு சொன்ன கதையில் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன், சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்றும் சொன்னான்.

நோயாளிகளுடன் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க விரும்புகிறோம். அளவு?

50 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1.5 கிலோ, காய் 3 கிலோ. விடியற்காலை சமைத்து மதியம் ஒரு மணிக்குக் கொடுப்பதுதான் வழக்கமான தப்பு. சூடு ஆறிய சோறு பொட்டலத்துக்குள் கிடந்து, மே மாத வெயிலில் நான்கு மணி நேரத்திலேயே கெட்டுவிடும். பதினொரு மணிக்கு இறக்கி, சூட்டோடு கட்டி, பன்னிரண்டரைக்குள் கொடுத்து முடியுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். மருத்துவமனை வளாகத்துக்குள் கொடுப்பதானால் நிலைய மருத்துவ அலுவலரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். நோயாளிக்குக் கொடுக்காதீர்கள், அவருக்கு உப்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு இருக்கலாம்.

சாவு வீட்டில் சபை என்ன செய்ய வேண்டும்?

பாட்டும் ஜெபமும் எல்லாச் சபையிலும் நடந்துவிடும். தடுமாறுவது காகிதத்தில்தான். வீட்டில் இறந்தால், கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நகராது. மருத்துவமனையில் இறந்தால் அங்கேயே சான்று தருவார்கள். அரசு மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்து வர 155377-க்கு அழைத்தால் இலவச அமரர் ஊர்தி வரும். காசிமேடு கல்லறையானாலும் வேறெங்கானாலும், சபைக் கடிதம், ஆதார், குடும்பக் கல்லறை இருந்தால் அதன் பழைய ரசீது ஆகியவற்றோடு காலையிலேயே ஒருவர் போய்விட வேண்டும். குழி வெட்ட நேரம் ஆகும்.

பெயரில்தான் பெரிய தவறு நடக்கிறது. சபையில் எல்லாரும் ஞானஸ்நானப் பெயரில் கூப்பிட்டிருப்பார்கள். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் வேறு பெயர் இருக்கும். அவசரத்தில் யாரோ ஒருவர் சபைப் பெயரைச் சொல்லிவிட, அதுவே இறப்புச் சான்றிதழில் ஏறிவிடும். பிறகு அந்த விதவை வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் படிவத்தை நிரப்ப வேண்டும். 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மூன்று நாள் சமையலைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள். நம் தெருக்களில் அந்த நல்ல பழக்கம் இன்னும் இருக்கிறது. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் வீடு வெறிச்சோடிப் போகும். ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒருவர் போய் வர முறை வையுங்கள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். அதற்கான மனு, வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் மூன்றுக்கும் இ-சேவை மையத்துக்குக் கூடப் போங்கள். வரிசையில் உடன் நிற்பதும் ஊழியம்தான்.

நாங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தால் சோம்பேறிகளை வளர்ப்பதாகாதா? ‘வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாது’ என்று பவுல் சொல்லியிருக்கிறாரே?

2 தெசலோனிக்கேயர் 3:10-இல் இருப்பது ‘வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்’ என்பது. மனம் இருந்தும் வேலை கிடைக்காதவர், முதுகு போன லோடுமேன், கைக்குழந்தைக்காரி ஆகியோரைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை. மூன்றே வசனம் தள்ளி, ‘நன்மைசெய்வதிலே சோர்ந்துபோகாமலிருங்கள்’ என்று அவரே எழுதுகிறார். உதவியைத் தொடங்கும்போதே எத்தனை மாதம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் என்றால் மூன்றாம் மாதம் உட்கார்ந்து பேசி நீட்டிக்கலாம், மாற்றலாம். சொல்லாமல் திடீரென்று நிறுத்துவது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடுமை.

பிள்ளைகள் படிப்புக்கு எதில் உதவுவது நல்லது?

அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, தொடக்க வகுப்புகளில் காலை உணவு எல்லாம் கிடைக்கின்றன. சபைகள் இன்னும் நோட்டுப் புத்தகமே கொடுத்துக்கொண்டிருக்கின்றன. மாலை ஆறு முதல் எட்டு வரை விளக்கும் மின்விசிறியும் உள்ள ஓர் அறையைத் திறந்து வைத்து, கணக்கு சொல்லித் தர இரண்டு வாலிபர்களை உட்கார வையுங்கள். பத்துக்குப் பத்து வீட்டில் டி.வி. சத்தத்தில் படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுதான் வேண்டும். அந்த அறை தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு; ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்றிதழைப் பார்த்துவிட்டு ‘நமக்கு இது கிடையாது’ என்று விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் பலர்.

சபையில் சாதி பார்ப்பது உதவியிலும் தெரிகிறது. என்ன செய்வது?

மறைக்காமல் பேச வேண்டும். கடந்த ஓராண்டில் உதவி போன வீடுகளைத் தெரு வாரியாக எழுதிப் பாருங்கள். ஒரே இரண்டு தெருக்களுக்கே போயிருந்தால் தாளே சொல்லிவிடும். கமிட்டியில் யார் இருக்கிறார்கள், பந்தியில் யார் சமைக்கிறார்கள், யார் இலை எடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வீடு சந்திக்கப் போகிறவர் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் அரிசிப் பையை வைத்துவிட்டு வந்தால், அவர் கொடுத்தது அரிசி, விட்டுவிட்டு வந்தது அவமானம். அப்போஸ்தலர் 6-இல் கிரேக்கம் பேசும் விதவைகள் பந்தியில் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அதை அடக்காமல் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்தார்கள் என்று அதைப் படிக்கலாம்.

பிற மதத்தவருக்கு உதவும்போது துண்டுப்பிரதியும் சேர்த்துக் கொடுக்கலாமா?

சோற்றுப் பொட்டலத்தோடு வேண்டாம். பசித்தவர் அதை மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று அவர் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள்.

மதம் பார்க்காமல் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிய வெள்ள நேரத்தில் முதல் இரண்டு நாள் குடிநீர், பிரெட், பால் பவுடர், மெழுகுவர்த்தி, நாப்கின் தேவைப்படும். மூன்றாம் நாளிலிருந்து பாய், பிளீச்சிங் பவுடர், ஓ.ஆர்.எஸ்., உள்ளாடை தேவைப்படும். பழைய துணி மூட்டைகள் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் கிடந்து நாறும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்தபோது, மீனவர்களுக்குப் படகும் வலையும் கறுப்பாகிப் பிழைப்பே நின்றது. சோற்றுப் பொட்டலம் நான்கு நாள் வரும். வலை மாற்றும் செலவுக்கு யாரும் வருவதில்லை. உள்ளூர் மீனவர் பஞ்சாயத்தாரிடம் கேட்டுவிட்டுப் போனால் எது குறைகிறது என்று சொல்வார்கள்.

கணக்கை எப்படி வைப்பது? பெயர்களைச் சொல்ல வேண்டுமா?

தொகையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். உறவினர் அல்லாத இரண்டு பேர் எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். பெயர் உள்ள நோட்டு ஒன்று, எண் மட்டும் உள்ள நோட்டு ஒன்று என இரண்டு வைத்து, கமிட்டியில் எண் நோட்டை மட்டும் வாசிக்கலாம். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை நிறுத்துங்கள். நன்கொடையாளர் ஆதாரம் கேட்டால் கடை பில் போதும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து சபைக்குப் பணம் வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். அதைப் போதகரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்வது சபையையே சிக்கலில் மாட்டிவிடும்.

எங்கள் சபையில் இருப்பது 25 குடும்பம்தான். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டு வாங்கி, 25 குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வசதியானவர்களுக்கும் பக்கம் உண்டு. வசதியான வீட்டில் தனியாகக் கிடக்கும் பாட்டிக்கும் ஆள் வேண்டும். ரத்த குரூப், காப்பீட்டுக் கார்டு உண்டா, ஆதாரில் உள்ள பெயர், வீட்டில் படிக்கிறவர்கள், நோயாளிகள், இவர்கள் மற்றவர்களுக்கு எதில் உதவ முடியும் என்று ஆறு வரி எழுதுங்கள். ஆட்டோ ஓட்டத் தெரியும், ஊசி போடத் தெரியும், படிவம் நிரப்பத் தெரியும் என்று அந்த ஆறாவது வரியில் வருபவை ஆச்சரியப்படுத்தும். உதவி வாங்கும் வீட்டிலும் அந்த வரியைக் காலியாக விடாதீர்கள். இரண்டு பேர் கொண்ட மூன்று குழுக்கள் ஞாயிறு மாலை குழுவுக்கு இரண்டு வீடு பார்த்தால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் நோட்டு நிரம்பிவிடும். அதன் பிறகு பிடி அரிசி டப்பாவை வாங்கலாம்.